பூம்புகாரும் தரங்கம்பாடியும்: ஒரே நாளில் இரண்டு துறைமுகங்கள்

மயிலாடுதுறையில் ஒரு கல்யாணத்துக்கு வருகிறீர்கள். மறுநாள் முழுக்கக் கையில் இருக்கிறது, காரும் இருக்கிறது. எழுபது வயது அப்பாவும் பத்து வயது மகளும் உடன் வருகிறார்கள். பூம்புகாரையும் தரங்கம்பாடியையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா, பூம்புகாரில் பார்க்க ஒன்றுமே இல்லை என்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். மயிலாடுதுறையிலிருந்து பூம்புகார் 25 கிலோமீட்டருக்குள்தான். அங்கிருந்து ஆக்கூர், திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடிக்கும் ஏறக்குறைய அதே தூரம். திரும்பி வர முப்பது கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமே நூறு கிலோமீட்டரைத் தாண்டாத ஒரு முக்கோணம். காலையில் பூம்புகார், மாலையில் தரங்கம்பாடி என்ற வரிசையை மட்டும் மாற்றாதீர்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பூம்புகாரில் ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்கள் எல்லாரும் நேரே கடற்கரைக்குப் போய், சுண்டல் சாப்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள். முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன். கடற்கரையில் இருக்கும் சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973-ல் எழுந்தது. அதைச் சுற்றி இலஞ்சி மன்றம், பாவை மன்றம், நெடுங்கல் மன்றம் என்று இருப்பவையும் காப்பியத்தில் வரும் மன்றங்களை நினைத்து நம் காலத்தில் கட்டியவைதான். பார்க்க வேண்டியவைதான், ஆனால் பழைய பட்டினம் அங்கே இல்லை. அது ஊருக்குள், வயலோரத்தில், கீழையூரிலும் பல்லவனேசுவரத்திலும் வாணகிரியிலும் கிடக்கிறது. பேருந்தில் கடற்கரைக்குப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள், கவனிப்பதில்லை.

ஆகவே முதல் நிறுத்தம் கீழையூர். எட்டு மணிக்குள் போய்விடுங்கள், வெயில் ஏறிவிட்டால் அப்பா காரை விட்டு இறங்கமாட்டார். 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது செங்கல்லால் கட்டிய ஒரு படகுத்துறை வெளிப்பட்டது. கடலோரத்தில் இல்லை, உள்ளே, காவிரியின் பழைய கால்வாய் ஒன்றின் தடத்தில். இன்றைய செங்கல்லைவிட மிகப் பெரிய, தட்டையான செங்கற்கள். கட்டுமானத்தை ஒட்டி மரக் கம்பங்களின் அடிப்பகுதிகள் சேற்றில் மக்காமல் நின்றிருந்தன. அவற்றைக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தியபோது ஏறக்குறைய கி.மு. 3ஆம் நூற்றாண்டு என்று வந்தது.

இதைச் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனால் மகள் “இதுக்கா வந்தோம்?” என்றுதான் கேட்பாள். நியாயமான கேள்வி, கண்ணுக்குத் தெரிவது சில வரிசைச் செங்கல்தானே. அதனால் இந்தப் பட்டினத்தைப் பாடுகிற சங்கப் பாட்டான பட்டினப்பாலையின் மூன்று வரிகளைப் போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது, மொத்தமே 301 அடிகள். அதன் தொடக்கப் பகுதியில் இது வருகிறது:

வெள்ளை உப்பின் கொள்ளை சாற்றி
நெல்லொடு வந்த வல்வாய்ப் பஃறி
பணைநிலைப் புரவியின் அணைமுதல் பிணிக்கும்

பஃறி என்றால் படகு. உப்பை விலை கூறி விற்று, அதற்கு மாற்றாக நெல்லை ஏற்றிக்கொண்டு திரும்பிய படகுகளை, லாயத்தில் குதிரையைக் கட்டுவது போல் வரிசையாகக் கட்டுத்தறிகளில் கட்டி வைத்திருக்கிறார்கள். இந்த வரிகளைச் சத்தமாகப் படித்துவிட்டு, இங்கே தோண்டியபோது கம்பங்கள் நின்றிருந்தன என்று மகளிடம் சொல்லுங்கள். புலவர் பார்த்தது இதே துறையைத்தான் என்று நான் சொல்லவரவில்லை. இப்படிப்பட்ட துறைகள் இந்த ஆற்றுமுகத்தில் பல இருந்திருக்கும். ஆனால் பாட்டில் வருகிற ஒரு காட்சிக்கு இவ்வளவு நெருக்கமான ஒரு தடயத்தின் பக்கத்தில் நிற்கிற வாய்ப்பு தமிழ்நாட்டில் வேறெங்கே கிடைக்கும்? என்னோடு வந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்காவது குதிரை போலக் கட்டிய படகு மனதில் நின்றுவிட்டது. மீதிப் பாதி வயலில் கொக்கு எண்ணியது, அதுவும் பரவாயில்லை.

இன்னும் பொறுமை இருந்தால் அதே பாட்டில் சுங்கச் சாவடிக் காட்சியையும் படியுங்கள். வருகிற சரக்குக்கும் போகிற சரக்குக்கும் சோழனின் புலி முத்திரையைக் குத்தி வெளியே குவிக்கிறார்கள். பிறகு சரக்குப் பட்டியல்: கடல் வழி வந்த குதிரை, வண்டியில் வந்த மிளகு மூட்டை, வடமலைப் பொன், தென்கடல் முத்து, ஈழத்து உணவு. பழைய கிரேக்கப் புவியியலாளர் தாலமி ‘கபேரிஸ்’ என்று குறிப்பிடுவதும் இந்தக் காவிரித் துறையைத்தான்.

அடுத்தது பல்லவனேசுவரம், கடற்கரைக்குப் போகும் வழியிலேயே. இங்கே ஒரு பௌத்த விகாரையின் அடித்தளம் அகழ்ந்து எடுக்கப்பட்டிருக்கிறது, கி.பி. 4-5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வரிசையாகத் துறவிகளின் அறைகள், பக்கத்தில் ஒரு கோயில். கல்லில் செதுக்கிய புத்த பாதம் ஒன்றும் கிடைத்தது. மணிமேகலை நடந்த ஊரில் பௌத்தப் பள்ளி இருந்ததில் வியப்பில்லைதான், ஆனாலும் காப்பியத்தில் படித்ததைச் செங்கல்லாகப் பார்ப்பது வேறு. பக்கத்திலேயே பல்லவனீச்சரம் சிவன் கோயில். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் வந்து பாடிய தலம்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பழைய குழப்பம் தெளியும். பூம்புகாரை ஒரே இரவில் கடல் விழுங்கியது என்று நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அது மணிமேகலையில் வருகிற கதை: மகனைத் தேடும் துயரத்தில் சோழ மன்னன் இந்திர விழாவை மறந்துவிட, தெய்வத்தின் சாபத்தால் கடல் பொங்குகிறது. ஆனால் அதற்குப் பின்னும் இங்கே பௌத்தத் துறவிகள் இருந்திருக்கிறார்கள், சம்பந்தர் ‘பட்டினத்துறை பல்லவனீச்சரம்’ என்று ஊரைச் சொல்லியே பாடியிருக்கிறார். ஊர் ஒரே நாளில் காணாமல் போகவில்லை. காவிரியின் நீர் பெரும்பகுதி கொள்ளிடம் பக்கம் போக, முகத்துவாரம் மணலால் தூர்ந்து, கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையைக் கடிக்க, கப்பல்கள் வேறு துறைகளுக்குப் போயிருக்க வேண்டும் என்பதுதான் என் புரிதல். பெரிய அலைகளும் இடையில் வந்திருக்கலாம். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் அதை மறுக்கிறவர் யார்?

கடலுக்கடியில் பத்தாயிரம் ஆண்டுப் பழைய நகரம் கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒரு காணொளி உங்களுக்கும் வந்திருக்கும். நடந்தது இது: தேசியக் கடலியல் நிறுவனமும் தமிழ்நாடு தொல்லியல் துறையும் சேர்ந்து 1990-களை ஒட்டி இங்கே கடலில் ஆய்வு செய்தன. அலை வந்து போகும் பகுதியில் உறைகிணறுகளும் செங்கல் கட்டுமானங்களும் கிடைத்தன. அவை சங்க காலத்தையும் அதற்குப் பிந்திய காலத்தையும் சேர்ந்தவை. வெளியே, சுமார் 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாட வடிவில் ஒரு அமைப்பைப் பார்த்தார்கள். மனிதர் கட்டியதா, இயற்கையாக அமைந்ததா என்பது முடிவாகவில்லை. ‘இந்த ஆழத்தில் கடல் இருந்திராத காலம் இது, அதனால் வயது இவ்வளவு’ என்ற கணக்கு அந்த ஒன்றின்மேல் எழுப்பப்பட்டதுதான். செங்கல்லா பாறையா என்று தெரியாமலே வயது சொல்வது, பெண் பார்க்கப் போகுமுன் பேரனுக்குப் பெயர் வைப்பது போலத்தான்.

வாணகிரியிலும் செங்கல்லால் கட்டிய ஒரு பழைய நீர்த்தேக்க அமைப்பு வெளிப்பட்டது. முழு நாளும் பூம்புகாருக்கே என்றால் போகலாம். உங்களுக்கு இந்தத் தடவை வேண்டாம்.

பிறகு கடற்கரை. கலைக்கூடம் எழுநிலை மாடமாக நிற்கிறது, உள்ளே சுவரெல்லாம் கோவலன் கண்ணகி கதை கல்லில் ஓடுகிறது. செதுக்கியவர்கள் மாமல்லபுரம் பள்ளியில் பயின்ற சிற்பிகள், வேலை சுத்தம். மகளுக்குக் கதை தெரிந்திருந்தால் இதுதான் அவளுக்குப் பிடித்த இடமாக இருக்கும். எந்தக் காட்சியில் சிலம்பு உடைகிறது என்று அவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பராமரிப்புப் பணிகளுக்காக இங்கே எதையாவது மூடி வைப்பதுண்டு. அதனால் முதல் நாளே மயிலாடுதுறையில் யாரிடமாவது விசாரித்துவிடுங்கள். கடலாய்வில் எடுத்த பொருள்களை வைத்திருக்கும் சிறிய அகழ்வைப்பகம் ஒன்றும் உண்டு, கால் மணி நேரம் போதும்.

காவிரி கடலில் கலக்கும் இடத்தையும் பார்த்துவிடுங்கள். ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போங்கள். கர்நாடகத்தில் புறப்பட்டு, மேட்டூரில் கடல் போல் நிற்கிற ஆறு இங்கே ஒரு வாய்க்கால் அளவில் வந்து, பல மாதங்கள் மணல்மேட்டுக்குப் பின்னால் தேங்கி நிற்கும். கடைமடை என்ற சொல்லின் பொருள் இங்கே நின்றால் புரியும். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தாலும் தண்ணீர் இங்கே எட்டிப் பார்க்க நாளாகும். ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசை, தை அமாவாசை நாள்களில் சங்கமத்தில் நீராட ஊரே திரண்டு வரும். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி இந்திர விழாவும் நடப்பதுண்டு. கூட்டம் பிடிக்காதென்றால் இந்த நாள்களைத் தவிருங்கள். கால் நனைப்பதோடு நிறுத்துங்கள், இங்கே கரை சட்டென்று ஆழமாகிறது, இழுப்பும் அதிகம்.

பதினொன்றரைக்குக் கிளம்பினால் பன்னிரண்டரைக்குள் திருக்கடையூர். சாப்பாட்டுக்கு அங்கே நிறுத்துவதே வசதி, சைவ உணவகங்களுக்குப் பஞ்சமில்லை. நடுப்பகலில் கோயில் நடை சாத்தியிருக்கும், அபிராமியைப் பார்க்க வேண்டுமென்றால் மாலை திரும்பும்போதுதான். அப்பாவுக்கு எழுபது என்று தெரிந்தால் “பீமரத சாந்தி பண்ணியாச்சா?” என்று கேட்காமல் விடமாட்டார்கள், தயாராக இருங்கள். முகூர்த்த நாளாக இருந்தால் அறுபதாம் கல்யாணக் கூட்டத்தில் கார் ஊர்ந்துதான் போகும்.

தரங்கம்பாடிக்கு மூன்று மணிக்கு முன்னால் போக வேண்டாம். மூன்று மணிக்கு ஏன் என்றால், ஊரின் பழைய நுழைவாயில் மேற்குப் பார்த்தது. சாயும் வெயில் அந்த வெள்ளை வளைவில் நேராக விழும். கோட்டையோ கிழக்கே கடலோரத்தில். மாலையாக ஆகக் கட்டடங்களின் நிழல் கடற்கரைப் பக்கம் நீளும், அப்பா நிழலிலேயே நடந்துவிடலாம். காலையில் வந்தால் கடல் வெயில் முகத்தில் அடிக்கும். ஆனால் கோட்டையின் நுழைவுச் சீட்டு மாலை ஐந்தையொட்டி நின்றுவிடும். அதனால் நான்கு மணிக்குள் கோட்டைக்குள் இருங்கள். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்பது வழக்கம், உங்கள் நாள் அதுவாக இருந்தால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாயிலில் இறங்கிவிடுங்கள், காரை ஓட்டுநரிடம் கோட்டை மைதானத்துக்கு அனுப்பிவிடலாம். இப்போது நிற்கிற வாயில் 1792-ல் கட்டியது. அதைத் தாண்டினால் ராஜ வீதி, நேரே கடல் வரை. பொடிநடையாகப் பத்து நிமிடம்தான், ஆனால் நீங்கள் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இடப்பக்கமும் வலப்பக்கமும் இரண்டு தேவாலயங்கள் வரும். சீயோன் ஆலயம் 1701-ல் எழுந்தது, அப்போது இந்த ஊரை வைத்திருந்த டேனியர்களுக்காக, அதாவது டென்மார்க்காரர்களுக்காக. புதிய எருசலேம் ஆலயம் 1718-ல், தமிழர்களுக்காக. முகப்பில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் பெயரெழுத்தைக் கிரீடத்தோடு பார்க்கலாம். உள்ளே பீடத்தின் முன்னால் சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

1706 ஜூலையில் மதம் பரப்ப இங்கே வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் அவர். அனுப்பியது மன்னர், ஆனால் உள்ளூர் டேனிஷ் ஆளுநருக்கு அவரைப் பிடிக்கவில்லை, சில மாதம் சிறையிலேயே வைத்துவிட்டார். தமிழ் கற்க ஒரு வாத்தியாரைப் பிடித்து, பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்கு வரச்செய்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்து எழுதிப் பழகியிருக்கிறார். இங்கே அச்சுக்கூடம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் 1715-ல் அச்சிட்டு முடித்தார்கள். காகிதம் போதாமல் பொறையாறில் காகிதப் பட்டறையே தொடங்கினார்கள். 1719-ல் இறந்தபோது அவருக்கு முப்பத்தாறு வயதுதான். இந்தியாவிலேயே தமிழ் முதலில் அச்சேறியது தரங்கம்பாடியில்தான் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள், அது தவறு. 1578-லேயே கொல்லத்தில் போர்த்துகீசியர் தமிழ் எழுத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டுவிட்டார்கள். தரங்கம்பாடியின் பெருமை, விட்டுப்போன அந்த வேலையைத் தொடர்ந்து செய்ததில் இருக்கிறது.

இனி கோட்டை. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரும் டேனியர்களும் ஒப்பந்தம் செய்துகொண்டதும் ஓவே யெட்டே என்ற கடற்படைத் தலைவர் தொடங்கிய கட்டடம். நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்க ஓலையில் தமிழில் எழுதிய கடிதம் இன்னும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. கீழ்த்தளத்தில் வளைவுக் கூரை போட்ட தாழ்வான அறைகள், கிடங்குக்கும் சிறைக்கும் பயன்பட்டவை. மேல்தளம் ஆளுநருக்கும் பாதிரியாருக்கும். மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் உள்ளேயே இருக்கிறது: காசுகள், பீங்கான், ஆவணங்கள். மேலே ஏறும்போது அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே நின்று கடலைப் பார்த்தால் ஒன்று உறைக்கும், இங்கே துறைமுகம் என்று எதுவுமே இல்லை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கு முழுவதும் அலை தாங்கும் சிறு படகுகளில்தான் கரைக்கு வந்து போயிருக்கிறது. காலையில் கீழையூரில் பார்த்தது ஆற்றுக்குள்ளே அமைதியான படித்துறை. இங்கே வெறும் மணல்.

டேனியர்கள் 1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1861-ல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வணிகமும் அங்கே போய்விட்டது. தரங்கம்பாடிக்கும் பின்னால் மயிலாடுதுறையிலிருந்து ஒரு ரயில் ஓடியது, 1986-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். இந்த வீதி அப்படியே உறைந்து நிற்பதற்கு இந்தச் சரிவும் ஒரு காரணம், பணம் வந்திருந்தால் இடித்துக் கட்டியிருப்பார்கள்.

கோட்டைக்கு வடக்கே கரையோரமாக நடந்தால் மாசிலாமணி நாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ல் எழுந்தது. டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டு முன்பு. கோயிலின் பெரும்பகுதியைக் கடல் தின்றுவிட்டது, மிஞ்சியதைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டி, பின்னால் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். இந்தக் கோயில் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. ‘பாடும் அலைகளின் ஊர்’ என்று பலகைகளில் எழுதுகிறார்கள், கேட்க அழகுதான். ஆனால் பாடி என்றால் ஆயர்பாடியில் வருகிற பாடி, குடியிருப்பு. பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கற்கள் பாசி பிடித்து வழுக்கும், மகளை அதன்மேல் ஏற விடாதீர்கள். மணலில் உட்காருங்கள். யாராவது வந்து இந்தக் கடற்கரையில் ஓசோன் அதிகம், நன்றாக மூச்சை இழுங்கள் என்பார்கள். தரைமட்டத்தில் ஓசோன் அதிகமாக இருந்தால் நுரையீரலுக்குக் கெடுதல், நாம் முகர்கிற கடல் வாசனை பெரும்பாலும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒரு கந்தகச் சேர்மத்துடையது. காற்று சுத்தமாக இருக்கிறது என்பதே போதும்.

கார் இல்லாமல் போகிறவர்கள் கேட்டால்: மயிலாடுதுறையிலிருந்து இரண்டு ஊருக்கும் தனித்தனியாகப் பேருந்து உண்டு, ஆனால் கீழையூரிலும் பல்லவனேசுவரத்திலும் இறங்கி ஏறுவதில் பாதி நாள் போய்விடும். பூம்புகார் வரை பேருந்தில் வந்து, அங்கே ஒரு ஆட்டோவைப் பேசிக்கொள்வது நல்லது. ‘படகுத்துறை’ என்று கேட்டால் சில ஓட்டுநர்கள் மீன்பிடிப் படகு நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோய் விடுவார்கள். ‘கீழையூர், தொல்லியல் துறை தோண்டிய இடம்’ என்று சொல்லுங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை உத்தமம். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை இருந்தால் தேதியை மாற்றுங்கள். கத்திரி வெயிலில் அப்பாவை அழைத்துவர வேண்டாம். தொப்பியும் தண்ணீரும் கீழையூருக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அந்த வயலோரத்தில் கடை கிடையாது.